கைப்பேசியும் மறதியும்: வீட்டில் நம் பெரியவர்களுக்குச் செய்யக்கூடியவை

(பொன்விழாக் குடும்ப நாள் அமர்வில் சங்கத்தின் நலப்பிரிவு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொன்விழாவில் பேசச் சொன்னதும் சங்கத்தின் வரலாற்றைப் பேசலாமா என்று யோசித்தோம். அதை எங்களைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கம் தொடங்கிய காலத்தில் நாற்காலி அடுக்கியவர்கள், நோன்புக் கஞ்சிச் சட்டியைக் கிண்டியவர்கள், இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் சிலர் இன்று வரவில்லை. நடக்க முடியாததால் வராமல் இல்லை. "கூட்டத்தில் பதறிவிடுவார், இது எந்த இடம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்" என்று வீட்டார் தயங்கி நிறுத்திவிட்டார்கள். அப்படி வராமல் போனவர்களைப் பற்றித்தான் இந்த அரை மணி நேரம் பேசப் போகிறோம்.

மலாயில் இதை 'ஞாஞூக்' என்பார்கள். நம் வீடுகளில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் கேலி இருக்கிறது. மருத்துவர்கள் சொல்லும் பெயர் டிமென்சியா. நம் நாட்டில் 2018இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இதற்கான அறிகுறிகள் காணப்பட்டன. ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் பெண்களிடமும் கூடுதல். முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் நம் பேராக்கும் ஒன்று. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தங்கிவிட்டார்கள். இதைச் சொல்ல ஆய்வு எதுவும் தேவையில்லை, பெருநாள் முடிந்த மறுவாரம் தாமான் வீதிகளைப் பார்த்தாலே போதும்.

வீடுகளுக்குப் போகும்போது எங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "ஞாபகசக்திக்கு எந்தச் செயலியை வாங்கலாம்?" மகன் கோலாலம்பூரிலிருந்து ஒரு டேப்லட் வாங்கி அனுப்பியிருப்பார். அதில் 'மூளை விளையாட்டு' ஒன்று இருக்கும், மாதச் சந்தாவோடு. அத்தா அதை இரண்டு நாள் தொட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்திருப்பார்.

சந்தா கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உலகம் முழுதும் பெயர்பெற்ற 'லூமோசிட்டி' என்ற மூளை விளையாட்டு நிறுவனம், முதுமையில் வரும் மறதியைத் தள்ளிப்போடலாம் என்ற பொருளில் விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவின் வாணிப ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2016 ஜனவரியில் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. அதற்காக இந்த விளையாட்டுகளால் ஒரு பயனும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 2,800-க்கும் மேற்பட்ட மூத்தவர்களை வைத்து 'ஆக்டிவ்' என்றொரு பெரிய ஆய்வு நடந்தது. நினைவு, சிந்தனை, கணினித் திரையில் வேகம் என மூன்று வகைப் பயிற்சி. பத்தாண்டுக்குப் பின் 2014இல் முடிவு வந்தது. சிந்தனைப் பயிற்சி பெற்றவர்கள் அதிலும், வேகப் பயிற்சி பெற்றவர்கள் அதிலும் ஓரளவு முன்னே நின்றார்கள். நினைவுப் பயிற்சியின் பலன் நிலைக்கவில்லை. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே நல்ல நினைவோடு இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறதி நோய் வந்த பிறகு திரையில் பழங்களை ஜோடி சேர்ப்பதால் அரிசி உலையை மறக்காமல் அணைக்க வந்துவிடாது. எதைப் பழகுகிறோமோ அதுதான் வரும்.

இந்த இடத்தில்தான் 'பயிற்சி' வேறு, 'மறுவாழ்வு' வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் லிண்டா கிளேர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறார். மறுவாழ்வு என்பது இழந்த நினைவை மீட்டுக் கொடுப்பது என்று நாம் நினைக்கிறோம். அவர் சொல்வது, இந்த மனிதர் தன் வாழ்க்கையில் எதைத் திரும்பச் செய்ய விரும்புகிறார் என்று கேட்டு, அந்த ஒன்றை மட்டும் அவர் வீட்டிலேயே, அவர் பொருள்களைக் கொண்டே பழக்குவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 475 பேருடன் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். தாங்கள் தேர்ந்தெடுத்த வேலைகளில் அவர்கள் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். பொதுவான நினைவாற்றல் சோதனையில் அப்படி ஏதும் ஏறிவிடவில்லை. எங்களுக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. சோதனைத் தாளில் மதிப்பெண் ஏறி என்ன ஆகப்போகிறது? தன் மகளுக்குத் தானே போன் போட வந்தால் அது பெரிது.

போன் போடும் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கோலகங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இப்போது ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறார். கிளினிக்கில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், தடுமாறிப் போனார். வீட்டில் நாங்கள் கேட்டது வேறு: "ஒரு காத்தி சீனி வாங்கி ஐந்து தாஹில் திருப்பிக் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு?" பட்டென்று பதினொன்று என்றார். பதினாறு தாஹில் ஒரு காத்தி என்ற கணக்கு அவர் விரலில் இருக்கிறது. தோட்டத்துப் பற்றுவரவுப் புத்தகம் முழுவதையும் தலையில் வைத்திருந்த மனிதர் அவர். உங்களுக்கு என்ன வேண்டும் அத்தா என்று கேட்டோம். "மகளிடம் பேசணும். இவன்கிட்ட கேட்டு, இவன் போட்டுத் தந்து, அதெல்லாம் வேணாம்" என்றார். அதுதான் இலக்கு. வேறொன்றும் இல்லை.

செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், வீட்டில் நீங்களும் செய்யலாம். முதலில் அவர் கைப்பேசியின் முகப்பிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மகளின் முகம் ஒன்றை மட்டும் பெரிதாக வைத்தோம். தொட்டால் நேரே அழைப்பு போகும். பூட்டுத் திரை, கடவு எண் எதுவும் இல்லை. வங்கிச் செயலி, மின்பணப்பை எதுவும் அந்தக் கைப்பேசியில் இல்லாததால் அப்படி விட முடிந்தது. பிறகு, "மகளிடம் பேச என்ன செய்வீங்க?" என்று கேட்பது, "படத்தைத் தொடுவேன்" என்று சொல்லித் தொடுவது. அரை நிமிடம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. சரியாக வந்தால் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, நான்கு, எட்டு நிமிடம். இடையில் பேசிக்கொண்டிருக்கலாம், தேநீர் குடிக்கலாம். தவறினால் திட்டவும் கூடாது, யோசிக்க வைத்துச் சோதிக்கவும் கூடாது. உடனே விடையைச் சொல்லி, செய்ய வைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். தப்பாக ஊகிக்க விட்டால் அந்தத் தப்பே மனத்தில் பதிந்துவிடும் என்பதால் இப்படி. இடைவெளி விட்டு நினைவூட்டும் இந்த முறையை டிமென்சியா உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் கேமரன் கேம்ப் என்பவர் வளர்த்தெடுத்தார். கைப்பேசியின் மணிக்கூடே இடைவெளியைக் கணக்கிட்டுச் சொல்லும். சந்தா எதுவும் இல்லை.

சில வாரம் பிடித்தது. இப்போது ஒரு நாளைக்கு ஆறேழு முறை மகளை அழைக்கிறார் என்று மகளே சிரித்துக்கொண்டு புகார் சொல்கிறார்.

மருந்து நேரத்துக்கு வரும் ஒலியும் அப்படித்தான். கைப்பேசியோடு வரும் டிங் டிங் மணி பெரியவர்களுக்கு ஒன்றையும் உணர்த்துவதில்லை. யாரோ அழைக்கிறார்கள் என்று எடுத்து ஹலோ சொல்கிறார்கள். அதற்குப் பதில் மகள் குரலிலேயே "வாப்பா, சாப்பிட்டாச்சா? மேசையில் நீல டப்பா மாத்திரை" என்று பதிவு செய்து அலாரமாக வையுங்கள். தொழுகை நேரச் செயலி நம்மில் பலரிடம் இருக்கிறது. பாங்கு ஒலி வாழ்நாள் முழுவதும் பழகியது, நாள் தெரியாதவருக்கும் பொழுது தெரிய வைக்கும். மருந்து, சாப்பாடு, நடை ஆகியவற்றை அதோடு கோத்துவிட்டால் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அஸருக்குப் பின் நடை, மஃரிபுக்குப் பின் மாத்திரை. எத்தனை ரக்அத் தொழுதோம் என்ற குழப்பம் பல வீடுகளில் முதல் அறிகுறியாக வருகிறது. அதைக் கண்டு அதட்ட வேண்டாம், பக்கத்தில் நின்று சேர்ந்து தொழுங்கள். சட்டங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மொழியைப் பற்றியும் பேச வேண்டும். யூ.கே.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் நாட்டு முதியோருக்காக மலாயில் 'வெசிஹாட்' என்ற இணையவழிக் கருவியை உருவாக்கினார்கள். நல்ல முயற்சி. கடைகளில் கிடைக்கும் மற்றவை பெரும்பாலும் ஆங்கிலம். நம் உம்மாமார்களில் பலர் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்போடு நின்றவர்கள். சிலருக்குத் தமிழ் எழுத்துகூடத் தெரியாது, ஆனால் அரபுத்தமிழில் எழுதிய பழைய பாடல் ஏட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடகடவென்று வாசிப்பார்கள். இவர்களை எழுத்தறியாதவர்கள் என்று படிவத்தில் குறிப்பது என்ன நியாயம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. 2018 தேசிய ஆய்வில் பயன்படுத்திய சோதனை ஆப்பிரிக்காவில் அதிகம் படிக்காத முதியவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. படித்தவர்களுக்கான தாளை வைத்து நம் ஆட்களை அளப்பதைவிட அது மேல்.

தமிழில் ஒன்றும் இல்லை என்று கையை விரிக்கவும் வேண்டாம். டிமென்சியா உள்ளவர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து பேசிப் பழகும் 'அறிவாற்றல் ஊக்குவிப்பு' முறையை 2003இல் இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டர் குழுவினர் பதினான்கு அமர்வுகளாக வகுத்தார்கள். அதைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்றபடி மாற்றியது சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம். கோவிட் காலத்தில் இதையே காணொளி வழியாகவும் பல நாடுகளில் நடத்திப் பார்த்தார்கள். இதன் வீட்டு வடிவம் ஒன்றும் உண்டு. மகனோ மகளோ துணைவரோ வாரத்தில் மூன்று முறை அரை மணி நேரம் உட்கார்ந்து செய்வது. 356 இணைகளை வைத்து ஆய்ந்தபோது நினைவாற்றல் கூடவில்லை. ஆனால் பராமரிப்பவரோடு தங்கள் உறவு நன்றாக இருப்பதாக நோயாளிகள் உணர்ந்தார்கள். அந்த முடிவைப் படித்தபோது, டேப்லட்டை மகன் ஏன் கூரியரில் அனுப்பினால் போதாது என்று எங்களுக்கு விளங்கியது. யூடியூபைப் போட்டு முன்னே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போவது வேறு. அதிலேயே நாகூர் ஹனீபா பாட்டைப் போட்டு, கூட உட்கார்ந்து, "இதை எங்கே முதலில் கேட்டீங்க?" என்று பேச்சைத் தொடங்குவது வேறு.

பேராக்கில் பேசுவதற்கு விஷயமா இல்லை? 1877இல் வந்த ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தருகே இன்னும் நிற்கிறது. அதன் படம் ஒன்றைக் காட்டினால் போதும். ஈப்போ ரயில் நிலையம், பாடாங் எதிரிலுள்ள நம் பள்ளிவாசல், பி. ரம்லி படத்தின் ஒரு காட்சி. நாள், தேதி கேட்டுத் தேர்வு வைக்காதீர்கள், கதை கேளுங்கள். கேட்கும்போதே கைப்பேசியில் பதிவும் செய்துவிடுங்கள். அந்தக் குரல் பிறகு கிடைக்காது.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் பக்கத்து வீட்டு அம்மா, சுங்கை சிப்புட் பக்கம் பால்வெட்டியவர். தோட்டம் செம்பனையாக மாறி லயம் இடிபட்ட பிறகு தாமானுக்கு வந்தவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். கேட்டால் "பெரட்டுக்கு நேரமாச்சு" என்பார். குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பது நாற்பது வருட உடம்புப் பழக்கம். வீட்டார் இரவில் வெளியே பூட்டுப் போட ஆரம்பித்தார்கள். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நாங்கள் பதறினோம். பூட்டுக்குப் பதில், கதவு திறந்தால் மகளின் கைப்பேசியில் ஒலிக்கும் சிறு உணர்கருவி ஒன்றைப் பொருத்தச் சொன்னோம். இருப்பிடம் காட்டும் கருவி ஒன்றைக் கழுத்தில் மாட்டினால் கழற்றி எறிந்துவிட்டார். சுருக்குப்பையில் வைத்தபோது விட்டுவிட்டார், அந்தப் பை இல்லாமல் அவர் நகரமாட்டார். நான்கு மணிக்கு மகள் எழுந்து விளக்கைப் போட்டு ஒரு கோப்பை கோப்பி கொடுக்கிறார். "இன்னைக்கு மழை, வெட்டு இல்லை" என்றால் சமாதானமாகிறார். மழை நாளில் வெட்டு இல்லை என்பது அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அது பொய்யல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அவரவர் மனசாட்சிக்கு விடுகிறோம். வாதாடிப் பார்த்தவர்களின் வீட்டில் நாங்கள் கண்டது அழுகைதான்.

ஒரு நாள் பேரன் பால்வெட்டும் காணொளியைக் காட்டினான். பேரன் பெயரே சில நாள் வராதவர் அந்த அம்மா. திரையைப் பார்த்துவிட்டு, "இடது மேலேயிருந்து வலது கீழே இறக்கணும், இவன் மரத்தைக் காயப்படுத்துறான்" என்று கையால் வெட்டிக் காட்டினார். கை கற்றது கடைசிவரை நிற்கும். எந்தச் செயலியிலும் இந்தப் பயிற்சி கிடையாது, பேரன் தானாகக் கண்டுபிடித்தது.

கேமராவைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் கவலையில் உம்மாவின் அறையில் கேமரா பொருத்துகிறார்கள். உம்மா முக்காடு இல்லாமல் இருக்கும் அறை, உடை மாற்றும் அறை. படம் மகனுக்கு மட்டுமா போகிறது? மருமகன் கைப்பேசிக்கும் போகிறது, கடவுச்சொல் பலவீனமாக இருந்தால் யார் கைக்கும் போகலாம். அவருக்கு மறதிதான் வந்திருக்கிறது, மானம் போய்விடவில்லை. புரிகிற காலத்திலேயே அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வாசற்கதவு, அடுப்படி போதும். படுக்கையறையும் குளியலறையும் வேண்டாம்.

இன்னொன்று பணம். மோசடி அழைப்புகள் முதலில் தேடி வருவது மறதி தொடங்கியவர்களைத்தான். போலீஸ் என்பான், வங்கி என்பான். தெரியாத எண்களிலிருந்து வரும் அழைப்பைத் தடுக்கும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது, பயன்படுத்துங்கள். வங்கிக் கணக்கை யார் பார்த்துக்கொள்வது என்பதை அத்தா தெளிவாக இருக்கும்போதே, பிள்ளைகள் எல்லோரும் கூடியிருக்கும்போது பேசி எழுதி வையுங்கள். பிறகு பேசலாம் என்று விட்ட வீடுகளில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனதைப் பார்த்துவிட்டோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவர். மறதியெல்லாம் டிமென்சியா இல்லை. தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள்கூட மறதி போல் காட்டும். அவற்றைச் சரிசெய்ய முடியும். காதையும் கண்ணையும் பாருங்கள். 2024இல் லான்செட் ஆணையம், டிமென்சியாவில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் காது கேளாமையும் கெட்ட கொழுப்பும் முன்னணியில் இருக்கின்றன. சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை என மற்றவை நமக்குத் தெரிந்தவைதான், நம் கல்யாண விருந்தைப் பார்த்தால் தெரிந்தது போலத் தெரியவில்லை. ஃபின்லாந்தில் 1,260 பேரை வைத்து இரண்டாண்டு நடந்த 'ஃபிங்கர்' ஆய்வில் உணவு, உடற்பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு, கணினிப் பயிற்சி எல்லாம் சேர்ந்தபோது பலன் தெரிந்தது. காது கேட்காதவர் முன்னே பேசும் செயலியை வைத்து என்ன செய்வது? டேப்லட்டுக்கு வைத்த காசைக் காதுக் கருவிக்குத் திருப்பிவிடுங்கள் என்று இரண்டு வீடுகளில் சொல்லியிருக்கிறோம்.

பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரே ஆள். மருமகள், அல்லது கல்யாணம் ஆகாத மகள். மற்றவர்கள் புலனக் குழுவில் ஆலோசனை அனுப்புகிறார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம்: வாரம் மூன்று நாள், குறித்த நேரத்தில், காணொளி அழைப்பில் அரை மணி நேரம் பெரியவரோடு உட்காருங்கள். அந்த அரை மணி நேரம் வீட்டிலுள்ள பெண் தூங்கட்டும். ஈப்போவில் பேராக் டிமென்சியா சங்கம் இருக்கிறது, சமூக நலத் துறையின் முதியோர் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன. கூச்சப்படாமல் போங்கள்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு சங்கக் கட்டடத்தில் எங்கள் இளைஞர்கள் இருப்பார்கள். பெரியவரின் கைப்பேசியை மட்டும் கொண்டுவராதீர்கள், பெரியவரையும் அழைத்து வாருங்கள். அவரைக் கேட்டுத்தான் முகப்பில் எந்தப் படம் வைப்பது என்று முடிவு செய்வோம். பேச வேண்டியவர்களின் தெளிவான முகப்படம், கைப்பேசியின் சார்ஜர், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், இவை மூன்றும் கையில் இருக்கட்டும். வாசலில் படி உயரம், சக்கர நாற்காலியில் வருபவர்கள் பின்பக்கக் கதவால் வரலாம்.